பொரித்த மீனும் உருளைக்கிழங்கும்: இங்கிலாந்து தேசத்துக் கடையுணவில் பயிரிடுவோர் பங்கு

இங்கிலாந்து தேசத்தில் எந்தச் சிறு பட்டணத்திற்குச் சென்றாலும், அங்கே மாதா கோயில் ஒன்று இருப்பது போலவே, மீனையும் உருளைக்கிழங்கையும் பொரித்து விற்கும் கடையொன்றும் இருக்கக் காணலாம். மாவில் தோய்த்துப் பொரித்த பெரிய மீன் துண்டு ஒன்று, அதனுடன் விரற்கனத்தில் நறுக்கிப் பொரித்த கிழங்கு ஒரு குவியல், மேலே உப்பும் காடியும், இவ்வளவே அவ்வுணவு. ‘பிஷ் அண்ட் சிப்ஸ்’ என்பது அதன் பெயர். நம்மவர் ‘சிப்ஸ்’ என்று வழங்கும் மெல்லிய வறுவலுக்கு அத்தேசத்தில் வேறு பெயர் உண்டு. அங்கே சிப்ஸ் என்பது, வெளியே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே வேகவைத்த கிழங்கின் மிருதுவும் உடைய தடித்த துண்டேயாகும்.

இதனை வெறும் சமையல் விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது. இக்கடைகளுக்குக் கிழங்கு அனுப்பும் குடியானவர்கள், ஒரே நிலத்தில் விளைந்த ஒரே ஜாதிக் கிழங்கு ஒரு மாதம் நல்ல விலைக்குப் போவதையும், மறு மாதம் கடைக்காரனால் திருப்பி அனுப்பப்படுவதையும் கண்டிருக்கின்றனர். கிழங்கு அழுகவில்லை, புழு அரிக்கவில்லை, பார்வைக்கும் குறையில்லை. எண்ணெயில் இட்டபோது மாத்திரம் பொன்னிறமாகாமல் கறுத்துவிடுகின்றது. அதன் காரணம் கடைக்காரனுடைய வாணலியில் இல்லை. பெரும்பாலும் வயலிலும் களஞ்சியத்திலுமே உள்ளது.

இரண்டு உணவுகள் கூடியது

மீன் பொரித்தலும் கிழங்கு பொரித்தலும் முதலில் தனித்தனித் தொழில்களாகவே இருந்தன. மீனை மாவிலோ முட்டையிலோ தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் வழக்கத்தை ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்களிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் லண்டனுக்குக் கொண்டு வந்தனர் என்பது பொதுவான கொள்கை. 1837 முதல் 1839 வரை வெளியான ‘ஆலிவர் டுவிஸ்ட்’ என்னும் நாவலில் டிக்கன்ஸ் பொரித்த மீன் கிடங்கு ஒன்றைக் குறிப்பிடுகின்றார். எண்ணெயில் பொரித்த கிழங்குத் துண்டுகளைப் பற்றிய குறிப்பு அவரே 1859-இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யில் வருகின்றது. இரண்டையும் ஒரே கடையில் சேர்த்து விற்றவர் யார் என்பதில் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. லண்டன் நகரின் கீழ்ப்பகுதியில் 1860-ஐ ஒட்டிக் கடை வைத்த ஜோசப் மாலின் என்பவரைத் தென்னாட்டார் சொல்லுவர். லங்காஷயரைச் சேர்ந்த மாஸ்லி என்னும் ஊரில் 1863-ஐ ஒட்டி விற்கத் தொடங்கிய ஜான் லீஸ் என்பவரை வடநாட்டார் சொல்லுவர்.

யார் முதல்வராயினும், இவ்வுணவைப் பரப்பியவை நீராவிக் கப்பலும் இரயிலுமே. வட கடலில் பிடித்த மீன் பனிக்கட்டியில் இடப்பட்டு, கிரிம்ஸ்பி, ஹல் முதலிய துறைமுகங்களிலிருந்து உள்நாட்டு ஆலைப் பட்டணங்களுக்கு விரைவில் போய்ச் சேர்ந்தது. பஞ்சாலைகளில் ஆணும் பெண்ணும் பகல் முழுவதும் வேலை செய்த குடும்பங்களில், மாலையில் வந்து அடுப்பு மூட்டிச் சமைக்கப் பொழுதும் இல்லை, விறகு கரிக்குப் பணமும் இல்லை. அவர்களுக்குச் சில காசுகளில் சூடான முழு உணவு கிடைத்தது. மேன்மக்கள் இக்கடைகளின் நாற்றத்தைக் குறித்து முகஞ்சுளித்தனர்; மீன் பொரித்தல் சட்டப்படி துர்நாற்றத் தொழில்களுள் ஒன்றாக 1940 வரை வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் இரு மகா யுத்த காலங்களிலும் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றிற்குப் பங்கீடு விதித்த சர்க்கார், பொரித்த மீனுக்கும் கிழங்குக்கும் பங்கீடு விதிக்கவில்லை. ஆலைத் தொழிலாளர் சோர்ந்து போகாதிருக்க அவ்வுணவு வேண்டியிருந்தது என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தனர். மகா யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டிருந்த கடைகள், இன்று சுமார் பதினாயிரம் அளவில் நிற்கின்றன.

மாவும் எண்ணெயும்

மாவில் தோய்த்துப் பொரித்தலின் தத்துவம் பஜ்ஜி செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் அறியப்பட்டதே. எனினும் அதன் காரணங்களை அறிந்து செய்பவர் சிலரே. சுமார் 180 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள எண்ணெயில் மாவு தோய்ந்த மீன் விழுந்தவுடன், மாவிலுள்ள நீர் கொதித்து ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளிப்படுகின்றது. அந்த ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே புக இடமில்லை. மாவு கெட்டியாகி ஓடு போலான பின், மீன் அவ்வோட்டினுள் தன் ஈரத்திலேயே வேகின்றது. உள்ளே ஈரம் உள்ளவரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே பொரித்த மீன் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் ஓடு மாத்திரமே பொரிகின்றது. மீன் ஆவியில் அவிகின்றது.

எண்ணெய் உட்புகுதல் பெரும்பாலும் வாணலியிலிருந்து எடுத்த பின்னரே நிகழ்கின்றது. பண்டம் ஆறத் தொடங்கியவுடன் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியுள்ள எண்ணெயை உள்ளே உறிஞ்சுகின்றது. எடுத்தவுடன் நன்றாக உதறி வடியவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லுவதன் காரணம் இதுவே.

அத்தேசத்துக் கடைகளில் மாவு என்பது மைதா மாவும் குளிர்ந்த நீரும் சிறிது சோடா உப்புக் கலவையும் சேர்ந்த கரைசல். சிலர் நீருக்குப் பதிலாகப் பீர் ஊற்றுவர். இரண்டிலும் எழும் காற்றுக் குமிழிகள் ஓட்டை இலேசாக்குகின்றன. கோதுமையில் பசைப்புரதம் உண்டு. அதிகமாகக் கலக்கினாலும், ரொட்டிக்கு உதவும் வலிய கோதுமையை உபயோகித்தாலும், அப்பசை இறுகி ஓடு தோல் போல் ஆகிவிடும். ஆதலால் மெலிந்த கோதுமை மாவையும் குளிர்ந்த நீரையும் கொண்டு, கட்டி முற்றிலும் கரையும் முன்பே கலக்குவதை நிறுத்திவிடுகின்றனர். கடலை மாவில் இப்பசை இல்லாமையால் பஜ்ஜிக்கு அந்தத் தொல்லை இல்லை; அதில் அரிசி மாவு சிறிது கூட்டினால் மொறுமொறுப்பு மிகுவதும் இக்காரணம் பற்றியே. மீனை முதலில் உலர்ந்த மாவில் புரட்டிக்கொண்டு பின் தோய்ப்பர். ஈர மீனில் கரைசல் பிடிக்காமல் வழுக்கி, எண்ணெயில் கழன்றுவிடும்.

மீனே அன்றி வேறு பண்டங்களும் அதே மாவில் தோய்க்கப்படுகின்றன. யார்க்ஷயரில் இரண்டு கிழங்கு வில்லைகளுக்கு நடுவே மீனை வைத்துத் தோய்த்துப் பொரிப்பர். வடபகுதிகளில் கிழங்கு வில்லையை மாத்திரம் தோய்த்து விற்பதும் உண்டு. இது கோதுமை மாவில் செய்த உருளைக்கிழங்கு பஜ்ஜியே அன்றி வேறன்று. எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளைக்கூட வீணாக்காமல், கேட்கும் சிறுவர்களுக்கு இலவசமாய் அள்ளி இடும் கடைகள் அங்கு உண்டு. மேலே தெளிக்கும் காடி முளைகட்டிய பார்லியிலிருந்து ஆவது. ஆனால் பல கடைகளில் வைத்திருப்பது நீர் கலந்த அசெட்டிக் அமிலமும் நிறமுமே.

எண்ணெயைக் காப்பாற்றுதலும் ஒரு வித்தையே. யார்க்ஷயரில் மாட்டுக் கொழுப்பையும், பிற இடங்களில் பெரும்பாலும் தாவர எண்ணெயையும் உபயோகிக்கின்றனர். உதிர்ந்த துணுக்குகள் கரிந்து எண்ணெயைக் கறுக்கச் செய்யும்; ஈரமும் உப்பும் அதனை விரைவில் கெடுக்கும்; செம்பும் பித்தளையும் பட்டால் காறல் விரைவில் தோன்றும். ஆதலால் நாள்தோறும் வடிகட்டுவதும், வாணலியின் மேல் உப்பிடாதிருப்பதும் நல்ல கடையின் அடையாளங்கள்.

கிழங்கின் திண்மை

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சிய திண்பொருளில் பெரும்பகுதி மாவுச்சத்து. பொரிப்பதற்கு உரிய கிழங்கில் திண்பொருள் நூற்றுக்கு இருபதுக்குக் குறையாதிருக்க வேண்டும். இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 25 கிலோ மூட்டை ஒன்றில் திண்பொருள் நூற்றுக்கு 18 ஆயின், உள்ளது 4½ கிலோ. நூற்றுக்கு 23 ஆயின், 5¾ கிலோ. ஒரு மூட்டைக்கு ஒன்றேகால் கிலோ உணவு குறைகின்றது. அந்த ஒன்றேகால் கிலோவுக்கும் பதிலாக இருப்பது நீர். அந்நீரைக் கொதிக்க வைத்து ஓட்டுவதற்கு எரிபொருள் செலவாகின்றது; எண்ணெய் குளிர்கின்றது; கிழங்கு துவண்டு எண்ணெயைக் குடிக்கின்றது. நல்ல கிழங்கில் செய்த தடித்த துண்டுகளில் கொழுப்பு நூற்றுக்குப் பத்தை ஒட்டி நிற்க, மெல்லிய வறுவலில் அது மூன்றில் ஒரு பங்கு வரையில் ஏறுவதை நோக்கின், கனத்த துண்டின் நன்மையும் விளங்கும்.

திண்மையைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 9 லிட்டர் நீரில் சுமார் 1,100 கிராம் உப்பைக் கரைத்தால், அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 1.08 மடங்கு ஆகும். கழுவித் துடைத்த கிழங்குகளை அதில் இட்டால், திண்பொருள் நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் உள்ளவை அமிழும், குறைந்தவை மிதக்கும். ஒரு குவியலிலிருந்து இருபது முப்பது கிழங்குகளை எடுத்துச் சோதித்தால், அக்குவியல் பொரிக்கத் தக்கதா, அவித்து உண்ணத் தக்கதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

திண்மை ஜாதியைப் பொறுத்தது. அதே அளவு சாகுபடியையும் பொறுத்தது. தழைச்சத்தை மிகுதியாக இட்டால் தழை நெடுநாள் பசுமையாக நின்று, கிழங்கு முற்றாமற் போகும். சாம்பற்சத்துக்கு மியூரியேட்டை இடுவதைவிடச் சல்பேட்டை இட்டால் திண்மை சற்று உயர்ந்து நிற்கும். விலை கூடுதல் என்பதே அதன் குறை. அறுவடைக்கு முந்திய வாரங்களில் மிகுதியாக நீர் பாய்ச்சுதல் கூடாது. தழையை அழித்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோண்டினால் தோல் உறைத்து உரியாதிருக்கும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. திண்மை மிகுந்த கிழங்கே அடிபட்டால் உள்ளே எளிதில் கருநீலமாகக் கன்றிப்போவது. குளிர்ந்த மண்ணில் தோண்டி, உயரத்திலிருந்து வண்டியில் கொட்டினால், வெளியே தெரியாத அந்தக் கன்றல் கடைக்காரன் தோல் சீவும்போது வெளிப்படும்.

ஒரு ஜாதியின் வரலாறு

இங்கிலாந்தில் 1902-இல் வெளிவந்த ‘கிங் எட்வர்டு’, 1911-இல் வெளிவந்த ‘மெஜஸ்டிக்’ ஆகிய ஜாதிகள் நெடுங்காலம் பயிராயின. பின்னர் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த பயிர் விருத்தி நிலையத்தார் ‘மாரிஸ் பைப்பர்’ என்னும் ஜாதியை 1966-இல் வெளியிட்டனர். அது பொரிப்பதற்குச் சிறந்ததாக அமைந்தமையால் கடைக்காரர்கள் அதனையே பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினர், இன்றும் கேட்கின்றனர். ஆனால் அதனை உண்டாக்கியவர்களின் முதல் நோக்கங்களுள் ஒன்று, பொன்னிற முட்டைப்புழு என்னும் நூற்புழுவை எதிர்த்து நிற்பது. கண்ணுக்குத் தோன்றாத இப்புழு வேரில் புகுந்து பயிரைக் குன்றச் செய்து, முட்டைப் பையாக மாறி மண்ணில் பல வருஷம் அழியாமல் கிடக்கும்.

மாரிஸ் பைப்பர் அப்புழுவை அடக்கியது. ஆனால் அதே வயல்களில், அந்த ஜாதி எதிர்க்கமாட்டாத வெண்ணிற முட்டைப்புழு மெல்லப் பெருகிவிட்டது. ஒரே ஜாதியை ஓயாமல் பயிரிட்டமையே இதற்குப் பெருங்காரணம். சொறிநோய்க்கும் இந்த ஜாதி இளைத்தது. கிழங்கு பிடிக்கத் தொடங்கும் சில வாரங்களில் மண் ஈரம் காயாதபடி நீர் பாய்ச்சி அதனைக் காக்கின்றனர். முட்டைப்புழு நமது நாட்டிலும் 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அங்கு இரு வகைப் புழுக்களும் உண்டு. அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியிடங்களுக்குக் கொண்டு செல்வதற்குத் தடை ஏற்பட்டதும், புழுவை எதிர்க்கும் ‘குப்ரி சுவர்ணா’ 1985-இல் வெளியிடப்பட்டதும் மலைக் குடியானவர்கள் அறிந்தவையே.

களஞ்சியத்தில் சர்க்கரை

கிழங்கு கறுப்பதன் காரணம் அதிலுள்ள சர்க்கரை. பொரிக்கும் சூட்டில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் சர்க்கரைகள் புரதத்தின் மூலப்பொருள்களுடன் கூடி நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. சிறிதளவு சர்க்கரையால் பொன்னிறம். மிகுந்தால் கருமையும் கசப்பும். அன்றியும், 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அதே சர்க்கரை அஸ்பராஜின் என்னும் பொருளுடன் கூடி அக்ரிலமைடு உண்டாகின்றதென்று ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் 2002-இல் வெளியிட்டனர். அது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அதனைக் குறைப்பதற்கான விதிகளை 2018 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து, பொரிக்கும் கிழங்கு கறுக்கலாகாது என்பது ருசியை மாத்திரம் பற்றிய விஷயமாக இல்லை.

கிழங்கு தோண்டிய பின்னும் உயிருள்ளது, மூச்சு விடுகின்றது. சுமார் 6 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால் அதன் மூச்சு மந்தமாகின்றது. ஆனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் செயல் அவ்வளவுக்கு மந்தமாவதில்லை. செலவு குறைந்து வரவு நிற்காமையால் சர்க்கரை தேங்குகின்றது. வெப்பமாக வைத்தாலோ கிழங்கு முளைவிட்டுச் சுருங்குகின்றது. நெடுநாள் சென்றால் முதுமையினாலேயே இனிப்பாகிவிடுகின்றது. குளிர் இனிப்பை ஓரளவு போக்கலாம். முதுமை இனிப்பைப் போக்க வழியில்லை. இவ்விரு கேடுகளுக்கும் நடுவே, 8 முதல் 10 டிகிரி வரையிலான குறுகிய வரம்பில் குடியானவன் தன் விளைச்சலை இலையுதிர் காலத்திலிருந்து மறு கோடை வரையில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கின்றது.

பல பத்தாண்டுகள் இதற்குக் குளோர்ப்ரோபாம் என்னும் முளையடக்கும் மருந்து துணை செய்தது. அதனைப் புகையாகக் களஞ்சியத்தில் செலுத்துவர். அதன் அநுமதி நீக்கப்பட்டு, 2020 அக்டோபரோடு உபயோகம் நின்றது. இப்பொழுது புதினா வகை ஒன்றின் எண்ணெயும், எதிலீன் வாயுவும், வேறு சில பொருள்களும் கையாளப்படுகின்றன. அவை அதிக விலையுள்ளவை, அடிக்கடி இட வேண்டியவை. எதிலீன் சில ஜாதிகளில் தானே சர்க்கரையைக் கூட்டுவதும் உண்டு. மருந்துச் செலவுக்கு அஞ்சிக் களஞ்சியத்தைக் குளிர வைத்தவன் முளையினின்று தப்பிக் கருமையில் அகப்படுகின்றான். பெரிய தொழிற்சாலைகளுடன் ஒப்பந்தம் உடையவர்கள் நல்ல களஞ்சியம் கட்டிச் சமாளித்தனர். பழைய கொட்டகையை நம்பிய சிறு குடியானவர்களுக்கே சங்கடம் மிகுதியாயிற்று.

கடைக்காரனுக்கும் வேறு திக்கிலிருந்து சங்கடங்கள் வந்தன. ஐஸ்லாந்து தேசம் தன் கடல் எல்லையை 200 மைல் வரை நீட்டியதனால் மூண்ட தகராறு 1976-இல் அத்தேசத்துக்கு அநுகூலமாக முடிந்து, ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தூரக்கடல் மீன்பிடித் தொழில் வீழ்ந்தது. காட் என்னும் மீன் இன்று பெரும்பாலும் பிறநாட்டார் பிடித்து விற்பதே. 2022-இல் உக்ரேன் யுத்தத்தால் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறிற்று. அவ்வருஷம் ஜூலையில் ருஷியாவின் வெண்மீனுக்கு நூற்றுக்கு 35 வீதம் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. மீனும் எண்ணெயும் விலையேறிய கடைக்காரன், கிழங்கில் ஒரு மூட்டை கூடக் கழிக்க மனமில்லாதவனாய், வாங்கும்போதே கண்டிப்பாயிருக்கின்றான்.

கோடையின் நடுவே பழைய கிழங்கு முடிந்து புதிய கிழங்கு வரும் சில வாரங்களே எல்லாருக்கும் தொல்லையானவை. பழையது முதிர்ந்து இனித்திருக்கும். புதியதோ முற்றாமல் நீர்த்திருக்கும். அக்காலத்தில் கடைக்காரர்கள் நறுக்கிய துண்டுகளை நீரில் நன்றாக அலசி மேற்பரப்பின் சர்க்கரையையும் மாவையும் போக்குவர். முதலில் தணிந்த சூட்டில் வேகவிட்டு, பின்னர் மிகுந்த சூட்டில் இரண்டாம் முறை பொரிப்பவர்களும் உண்டு.

அறிவுள்ள குடியானவர்கள் இக்காலத்துக்குக் காத்திராமல், மாதந்தோறும் களஞ்சியத்தின் பல மூலைகளிலிருந்து கிழங்கு எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, கொட்டகையிலேயே சிறு அடுப்பில் பொரித்துப் பார்க்கின்றனர். துண்டு முழுவதும் வெளிறிய பொன்னிறமாயின் குவியலை விற்கலாம். நுனி மாத்திரம் கறுத்தால், அந்நுனி கொடியோடு ஒட்டியிருந்த பக்கமா என்று பார்த்து, வயலில் நீர் குறைந்த வாரத்தை நினைவுகூருவர். முழுவதும் கறுத்தால் களஞ்சியத்தின் சூட்டை 15 டிகிரி வரையில் உயர்த்தி இரண்டு மூன்று வாரம் வைத்து மறுபடியும் பொரிக்கின்றனர். குளிரினால் வந்த இனிப்பாயின் அதற்குள் நிறம் தெளிந்து, கிழங்கு மூட்டையேறிக் கடைக்குச் செல்லும். தெளியாதது மாட்டுத் தீவனமாகும்.